பட்டாளத்துத் தபால் கார்டு: 1914–1918 முத்திரைகளைச் சேர்ப்பதும் படிப்பதும்

பழைய தபால் கார்டு வாங்குகிறவர்கள் பலர் படத்துக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். பிரான்சின் மார்செய் துறைமுகத் தெருவில் தலைப்பாகையோடு அணிவகுக்கும் சிப்பாய்கள், ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டபின் சென்னையில் புகைந்த எண்ணெய்த் தொட்டி என்று படங்கள் கண்ணை இழுக்கும். ஆனால் ஒரே படத்தை அச்சகத்தார் கட்டுக் கட்டாக அடித்துத் தள்ளியிருப்பார்கள். மறுபக்கம்தான் கார்டுக்குக் கார்டு வேறு. முத்திரை, தணிக்கை அடையாளம், கையெழுத்து, விலாசம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வரலாற்றுச் சாட்சியாகச் சேர்ப்பவருக்கு மறுபக்கமே முதல் பக்கம்.

தொடங்கும்போதே ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். கார்டில் உள்ள ஒவ்வொரு அடையாளமும் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் சாட்சி. தபால் முத்திரை, "இந்தத் தேதியில் இந்தத் தபால் நிலையத்தின் கையில் இது இருந்தது" என்று சொல்லும். எழுதியவர் அன்று எந்தப் பதுங்குகுழியில் இருந்தார் என்று அது சொல்லாது. எம்டன் தாக்கியது 1914 செப்டம்பர் 22 இரவு. அந்தப் படம் உள்ள கார்டில் 1916 முத்திரை இருந்தால், அது தாக்குதல் நாளுக்குச் சாட்சியல்ல. இரண்டு வருஷம் கழித்தும் அந்தப் படம் மக்கள் கையில் இருந்தது என்பதற்குச் சாட்சி. இதுவும் நல்ல செய்திதான், ஆனால் வேறு செய்தி.

எதைச் சேர்ப்பது

"முதல் உலகப்போர்" என்று மொத்தமாக இறங்கினால் பெட்டி நிறையும், அறிவு நிறையாது. ஒரு படையையும் ஒரு காலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து போன படைகளுக்கு இந்தியப் போர்ப்பயணப் படை, சுருக்கமாக ஐ.இ.எஃப்., என்று பெயர். அவற்றுக்கு எழுத்து வரிசை உண்டு: ஏ பிரான்ஸ், பி-யும் சி-யும் கிழக்கு ஆப்பிரிக்கா, டி மெசபடோமியா, இ-யும் எஃப்-பும் எகிப்து, ஜி துருக்கியின் கலிப்போலி. ஆங்கிலேய அரசர் தலை போட்ட இந்தியத் தபால்தலைகளின் மேல் ஐ.இ.எஃப். என்ற மூன்று எழுத்தையும் அச்சடித்து 1914-இல் வெளியிட்டார்கள்.

தமிழ்ச் சிப்பாய்களின் தபாலைத் தேடுகிறவர்கள் பிரான்ஸ் கார்டுகளைப் புரட்டிக்கொண்டே இருப்பது வழக்கம். இடம் தப்பு. 63-ஆவது பாளையங்கோட்டை காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கி அடி வாங்கியது. மெட்ராஸ் சாப்பர்கள், அதாவது படைப் பொறியாளர்கள், மெசபடோமியாவில் பாலமும் பாதையும் போட்டார்கள். ஆகவே பி, டி எழுத்துகளின் கீழ்தான் தேட வேண்டும். பிரான்ஸ் கார்டுகள் சந்தையில் அதிகம் தென்படும். மற்றவற்றுக்குப் பொறுமை வேண்டும்.

காலத்தையும் மனதில் வையுங்கள். இந்தியத் துருப்புகள் மார்செய்யில் இறங்கத் தொடங்கியது 1914 செப்டம்பர் 26. காலாட்படை 1915 கடைசியில் பிரான்சை விட்டுக் கிளம்பியது. குதிரைப்படை மட்டும் 1918 தொடக்கம் வரை இருந்தது. இந்தியக் காலாட்படைப் பிரிவின் பெயரும் 1917 பிரான்ஸ் முத்திரையும் ஒரே கார்டில் வந்தால் விலை பேசுவதற்கு முன் நின்று யோசியுங்கள்.

வாங்கும்போது

முழு உறையாக, முழுக் கார்டாக மட்டுமே வாங்குங்கள். வெட்டி எடுத்த முத்திரைத் துண்டு ஆல்பத்துக்கு அழகு, ஆராய்ச்சிக்கு உதவாது. விலாசமும் வழியும் போய்விட்டன. தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றுகிற பழக்கத்தை இங்கே அடியோடு விட்டுவிட வேண்டும். அதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் படைவீரர்கள் 'காப்பியிங் பென்சில்' நிறையப் பயன்படுத்தினார்கள். உலர்ந்திருக்கும்போது சாம்பல் நிறம். ஈரம் பட்டதும் ஊதா மையாகி ஓடும். ஒரு சொட்டுத் தண்ணீரில் ஒரு வரி காணாமல் போகும்.

ஒரே குடும்பத்துக்கு வந்த கார்டுகள் கட்டாகக் கிடைத்தால் பிரிக்காமல் வாங்குங்கள், வந்த வரிசையிலேயே எண் போடுங்கள். பத்துக் கார்டு ஒன்றையொன்று நிரூபிக்கும். யாரிடம், எந்த நாளில், என்ன சொல்லி வாங்கினீர்கள் என்பதை அன்றே எழுதிவையுங்கள். வியாபாரி மூலையில் பென்சிலால் "கலிப்போலி, அரிது" என்று எழுதியிருந்தால் அது சாட்சியமல்ல. இருந்தாலும் ஸ்கேன் எடுக்கும்வரை அழிக்க வேண்டாம், கார்டு கடந்துவந்த கைகளின் தடம் அது.

போர்க்காலத்திலேயே சேகரிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே அனுப்பவைத்த உறைகளும் உண்டு. தபால்தலை வரிசை முழுதும் அழகாக ஒட்டி, முத்திரை ஒவ்வொன்றும் பளிச்சென்று விழுந்திருக்கும். உள்ளே கடிதம் இருக்காது, விலாசம் ஒரு தபால்தலைக் கடைக்கு. போலி அல்ல. ஆனால் சண்டையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

பதிவு செய்வது

தேவையானவை: 10 மடங்கு உருப்பெருக்கி, மில்லிமீட்டர் கோடுள்ள கண்ணாடி அளவுகோல், 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு, தட்டை ஸ்கேனர். கை கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டாலே போதும். துணிக் கையுறை விளிம்பில் மாட்டிக் கிழித்துவிடும்.

இரண்டு பக்கத்தையும் 600 டி.பி.ஐ. அடர்த்தியில் முழு வண்ணத்தில், அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்புத் தணிக்கை முத்திரையும் கறுப்புத் தபால் முத்திரையும் ஒன்றோடொன்று குழம்பிவிடும். வண்ணத்தில் எடுத்திருந்தால் ஒரு வித்தை செய்யலாம். படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி அடுக்காகப் பிரியுங்கள். சிவப்பு அடுக்கில் சிவப்பு மை வெளிறி மறையும், கீழே இருக்கும் கறுப்புத் தேதி படிக்கக் கிடைக்கும். நீல, பச்சை அடுக்குகளில் அதே சிவப்பு மை கறுத்துத் தெரியும். மங்கிய தணிக்கை எண்ணை அங்கே தேடுங்கள். மையே இல்லாமல் அழுத்தம் மட்டும் விழுந்திருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடியுங்கள், பள்ளம் நிழலாகத் தெரியும்.

படிக்கும் வரிசை

முதலில் எழுதியவர் போட்ட தேதி. அடுத்தது தபால் முத்திரை. பிறகு தணிக்கை. கடைசியில் வந்து சேர்ந்த ஊர் முத்திரை. இந்த நான்கையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஒன்றின் தேதியை வைத்து இன்னொன்றை ஊகித்து நிரப்பக் கூடாது.

தபால் முத்திரையில்தான் அதிகம் தடுக்கி விழுவார்கள். களத் தபால் நிலையம், அதாவது எஃப்.பி.ஓ., ஊர்ப்பெயர் போடாது, எண்ணோ குறியோதான் போடும். எதிரிக்கு இடம் தெரியக் கூடாது என்பதே காரணம். அந்த நிலையம் ஒரு பிரிகேடுடனோ டிவிஷனுடனோ ஒட்டிக்கொண்டு நகரும். எனவே ஒரே எண் மார்ச்சில் ஓரிடம், ஜூனில் வேறிடம். எண்ணை மட்டும் பட்டியலில் பார்த்து ஊர்ப்பெயர் எழுதுவது பெரிய தப்பு. எண்ணையும் தேதியையும் சேர்த்தே தேட வேண்டும். இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் படைத் தபாலின் ஐந்திலக்க எண்களிலும் இதே கண்ணி உண்டு. அங்கே ஒரே எண்ணையே காலப்போக்கில் வேறு பிரிவுக்கு மாற்றிக் கொடுத்திருப்பார்கள்.

ஆங்கிலேய முத்திரைகளில் மாதம் இரண்டு எழுத்தாகச் சுருங்கும். ஜூனும் ஜூலையும் அநேகமாகக் கடைசி எழுத்தில்தான் வேறுபடும். மார்ச்சும் மே மாதமும் அப்படியே. அந்தக் கடைசி எழுத்து நசுங்கியிருந்தால் "ஜூன் அல்லது ஜூலை" என்றே எழுதுங்கள். வருஷத்து எண்ணைக் கையால் மாற்றிப் பொருத்துவார்கள் என்பதால் ஜனவரி முதல் வாரங்களில் போன வருஷமே விழுந்திருப்பதும், எண் தலைகீழாக இருப்பதும் நடக்கும். கார்டு பொய் என்று உடனே தள்ளிவிட வேண்டாம், மற்ற மூன்று அடையாளங்களையும் கேளுங்கள்.

தணிக்கை முத்திரை தேதி சொல்லாது, ஆனால் காலம் சொல்லும். பிரிட்டிஷ் படை வடிவத்தை மாற்றிக்கொண்டே வந்தது: முதலில் வட்டம், பிறகு சதுரம், முக்கோணம், அறுகோணம் என்று. அறுகோண முத்திரையோடு 1914 தேதி வந்தால் எங்கேயோ இடிக்கிறது. முத்திரைக்குள் இருக்கும் எண் அந்த அச்சுக்கருவியின் எண், படைப்பிரிவின் எண் அல்ல. பக்கத்தில் ஓர் அதிகாரியின் கையொப்பம் இருக்கும். அவர்தான் படித்துப் பார்த்த படைப்பிரிவு அதிகாரி, எழுதியவர் அல்ல. இதை மாற்றிப் படித்துவிட்டு ஒரு சிப்பாய்க்கு வெள்ளைக்காரப் பெயர் வைத்தவர்களும் உண்டு.

இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களை இதற்கு மேலும் பிரான்சின் பூலோன் நகரில் இருந்த தணிக்கை அலுவலகம் பார்த்தது. அங்கே பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கை தயாரித்தார்கள். அந்த அறிக்கைகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் (இந்தியாவை நிர்வகித்த பிரிட்டிஷ் அரசுத் துறை) ஆவணங்களில் உள்ளன. அறிக்கையில் இருப்பது மொழிபெயர்ப்பு. மூலக் கடிதம் ஊருக்குப் போய்விட்டது. இந்திய மொழியில் எழுதிய மூலக் கார்டு ஒன்று கையில் கிடைத்தால் அதன் மதிப்பு அதனால்தான். ஒரு எச்சரிக்கை: பல சிப்பாய்கள் எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுதவைத்தார்கள். நடையிலும் கையெழுத்திலும் தெரிவது அந்த எழுத்தரின் பழக்கம். இரண்டு கார்டுகளில் ஒரே கையெழுத்து என்பதால் ஒரே ஆள் என்று முடிவு கட்டக் கூடாது.

ஒரு வார்த்தையும் எழுதாத கார்டு

பிரிட்டிஷ் படையின் அச்சிட்ட களக் கார்டை, ஏ.2042 என்ற படிவத்தை, "எழுத்தே இல்லையே" என்று பலர் ஒதுக்குகிறார்கள். நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன், உன் கடிதம் கிடைத்தது என்று வாக்கியங்கள் அச்சாகியிருக்கும். வேண்டாததை அடிக்க வேண்டும். தேதி, கையொப்பம் தவிர வேறு ஏதாவது எழுதினால் கார்டை அழித்துவிடுவோம் என்று அதிலேயே எச்சரிக்கை உண்டு. அடிக்காமல் விட்ட வரிதான் செய்தி. விளிம்பில் பொடி எழுத்தில் அச்சகக் குறிப்பு இருக்கும். அதில் அச்சிட்ட எண்ணிக்கையோடு மாதமும் வருஷமும் வருவது உண்டு. அச்சான மாதத்துக்கு முந்தைய தேதியில் முத்திரை விழுந்திருக்க வழியில்லை. மோசடியைப் பிடிக்க இதைவிட எளிய வழி குறைவு.

தலை ஒட்டாதிருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். போர்ப்பணியில் இருந்த துருப்புகளின் சாதாரணக் கடிதத்துக்குக் கட்டணம் இல்லை. "போர்ப்பணியில்" என்பதற்கான ஓ.ஏ.எஸ். எழுத்துகள் மேல் மூலையில் இருக்கும். பிரிட்டனிலிருந்து வந்த பதில் கார்டுகளில் தலை இருக்கும். அங்கே கார்டுக்கு அரை பென்னி; 1918 ஜூன் 3 முதல் ஒரு பென்னி. தேதி மங்கியிருந்தால் இந்தக் கட்டணம் கைகொடுக்கும்.

போர்க்கைதிகளின் கார்டுகளில் எழுதிய தேதிக்கும் முத்திரைக்கும் பத்து நாளுக்கு மேல் இடைவெளி காணப்படும். ஜெர்மன் முகாம்கள் கடிதத்தைச் சுமார் பத்து நாள் நிறுத்திவைத்து, செய்தி பழசான பிறகே அனுப்பின. இந்தியக் கைதிகள் பலர் இருந்தது பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃபில், பிறைநிலா முகாம் என்று அழைக்கப்பட்ட இடத்தில்.

போலியைத் தெரிந்துகொள்வது

வெறும் பழைய கார்டு எடுத்து, புது முத்திரை குத்துவதுதான் வழக்கமான மோசடி. கார்டு உண்மையிலேயே பழையது என்பதால் காகிதச் சோதனையில் மாட்டாது. மடிப்பைப் பாருங்கள்: முத்திரை முதலில் விழுந்து பிறகு மடிந்திருந்தால் மடிப்புக்கோட்டில் மை உதிர்ந்து வெள்ளை தெரியும், மடிந்த பிறகு குத்தியிருந்தால் மை விரிசலுக்குள் இறங்கியிருக்கும். இது உருப்பெருக்கியில் நன்றாகத் தெரியும். பால்பாயிண்ட் பேனா 1940களில்தான் புழக்கத்துக்கு வந்தது, ஆகவே அந்த உருண்டைக் கோடு இருந்தால் பேச்சே வேண்டாம்.

கார்டே மறு அச்சாக இருந்தால் புற ஊதா விளக்கு காட்டிக்கொடுக்கும். இருட்டறையில் காட்டினால் நவீனக் காகிதம் நீலவெள்ளையாகப் பளீரென மின்னும். பிற்காலத்தில் சேர்க்கத் தொடங்கிய வெளுப்பூட்டி அதற்குக் காரணம். 1915-ஆம் வருஷத்துக் காகிதம் மந்தமாகவே இருக்கும். சலவைத்தூள் பட்ட இடம் மட்டும் திட்டாக மின்னலாம், அது குற்றமல்ல.

ஒப்பிட்டுப் பார்ப்பது

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 95 வரிசையில் படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் உள்ளன. கார்டின் தேதியை அதில் வைத்துப் பார்த்தால் பிரிவு அன்று எங்கே இருந்தது என்று தெரியும். கைதி என்றால் ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கம் வைத்திருக்கும் 1914–1918 கைதிப் பதிவுகளை இணையத்திலேயே தேடலாம். கார்டும் பதிவும் முரண்பட்டால் எதையும் திருத்தாமல், முரணையே குறித்துவையுங்கள். குறிப்பு எழுதும்போது கண்ணால் கண்டதை நேராகவும் ஊகத்தைச் சதுர அடைப்புக்குள்ளும் போடும் பழக்கம் நல்லது: "எஃப்.பி.ஓ. 1[3 அல்லது 8], 12 டிசம்பர் 19[15]" என்பதுபோல.

வைத்திருப்பது

பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறையில் போடுங்கள். பி.வி.சி. உறை நாளாக ஆகப் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும். சந்தேகமாக இருந்தால் உறையில் ஒரு துண்டு வெட்டி, கார்டுகளுக்கு எட்டத்தில், திறந்தவெளியில் சோதியுங்கள்: செப்புக் கம்பியைச் சூடாக்கி பிளாஸ்டிக்கில் தொட்டு மீண்டும் தீயில் காட்டுங்கள், சுடர் பச்சையானால் அது பி.வி.சி. லேமினேஷன், செலோ டேப், ரப்பர் பேண்டு மூன்றும் கூடவே கூடாது. கார்டின் வரிசை எண்ணைப் பென்சிலால் உறைமேல் ஒட்டும் சீட்டில் எழுதுங்கள், கார்டில் அல்ல.

வெளிநாட்டுக்கு விற்கவோ அனுப்பவோ நினைத்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வரலாற்று மதிப்புள்ள, 75 வருஷத்துக்குக் குறையாத ஆவணங்களும் அதன் வரையறைக்குள் வருகின்றன.

நம் ஊர்க் கடற்கரைக் காற்றில் ஈரம்தான் முதல் எதிரி. பெட்டிக்குள் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் போகாமல் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வாரம் ஒரு முறையாவது பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். வெள்ளிப்பூச்சி முதலில் தின்பது பசை தடவிய இடத்தை, அதாவது தபால்தலை ஓரத்தை.