வற்றும் குளத்தில் பறவை பார்ப்பது எப்படி?

மழை வரட்டும், குளம் நிறையட்டும், அப்புறம் பறவை பார்க்கப் போகலாம் என்று பலர் காத்திருப்பார்கள். என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வறட்சிக் காலம்தான் வசதி. தண்ணீர் சுருங்கச் சுருங்கப் பறவைகள் ஒரே இடத்தில் கூடும். கரையோரப் புதர்களும் காய்ந்து கிடப்பதால் மறைவு குறைவு. ஒரு குளம் வற்றும்போது எது முதலில் கிளம்புகிறது, எது புதிதாக வந்து இறங்குகிறது என்று கவனித்தாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

1. ஒரே ஒரு இடம்

குளமோ குட்டையோ ஆற்று மடுவோ, எதுவானாலும் சரி. வாரம் ஒரு முறை அலுப்பில்லாமல் போய்வர முடியுமா என்று மட்டும் பாருங்கள். பத்து இடங்களுக்கு ஒவ்வொரு முறை போனால் பட்டியல் நீளும், அவ்வளவுதான். ஒரே இடத்துக்குப் பத்து முறை போனால்தான் மாற்றம் கண்ணில் படும். காலை, சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரம் நல்லது. வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

2. கையில் என்ன வேண்டும்

நோட்டு, பென்சில், தொப்பி, குடிக்கத் தண்ணீர். பைனாகுலர் இருந்தால் நல்லது. 8×42 என்று போட்டிருந்தால், 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். 12 மடங்குக்கு ஆசைப்பட வேண்டாம். கை நடுக்கமும் 12 மடங்காகத் தெரியும்.

3. பறவைக்கு முன் தண்ணீர்

பலர் விட்டுவிடும் வேலை இது. படிக்கட்டு, பாறை, மதகு என நகராத ஓர் அடையாளத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கிருந்து தண்ணீர் விளிம்பு எத்தனை காலடி தூரம் என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். விளிம்பில் பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தால் கிட்டே போகாமல் கண்ணாலேயே மதிப்பிடுங்கள். அதே இடத்தில் நின்று, அதே திசையில் ஒரு போட்டோ. தேதியும் நேரமும் கட்டாயம்.

4. எந்த ஆழத்தில் யார்

நூறு பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. குளத்தை ஆழத்தை வைத்துப் பிரித்துக்கொண்டால் பாதி அடையாளம் கிடைத்துவிடும்.

நடுவில், ஆழமான நீரில் முக்குளிப்பான், நீர்க்காகம், நாமக்கோழி. இவற்றில் முக்குளிப்பானைக் கூர்ந்து பாருங்கள். அதன் கால்கள் உடலின் பின்கோடியில் இருக்கின்றன. முங்கி நீந்த அது அருமையான அமைப்பு, தரையில் நடக்கத்தான் உதவாது. முங்க ஆழமில்லாமல் போனால் அதற்கு அங்கே வேலையில்லை. ஆழம் குறைவதை அதுவே முதலில் சொல்லிவிடும்.

முழங்கால் அளவுத் தண்ணீரில் நாரைகளும் கொக்குகளும். ஒதுங்க இடமில்லாமல் மீன்கள் நெருக்கியடிப்பதால் கூட்டம் திடீரென்று பெருகும். உயரமான சாம்பல் நாரை கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும். சின்னக் கொக்கு கரையோரமாகவே நடக்கும். கறுப்புக் கால், மஞ்சள் பாதம்; ஒரு காலைச் சேற்றில் அலசி, கலங்கி ஓடுவதைக் கொத்தும். மஞ்சள் அலகோடு மாட்டுக்குப் பின்னால் போகும் வெள்ளைப் பறவை வேறு, அது உண்ணிக்கொக்கு. வெட்டுக்கிளி கிடைத்தால் அதற்குக் குளமே தேவையில்லை.

ஈரச் சேறு, உள்ளான் எனப்படும் கரையோரப் பறவைகளின் இடம். ஆரம்பத்தில் எல்லாம் ஒன்று போலவே தெரியும், பரவாயில்லை. அலகின் நீளத்தை மட்டும் குறியுங்கள். குட்டை அலகு மேலோட்டமாகப் பொறுக்கும், நீள அலகு சேற்றுக்குள் துழாவும். இளஞ்சிவப்பு நிறத்தில் நெடுநெடுவென்ற கால்கள், பறக்கும்போது வாலைத் தாண்டி நீண்டால் அது நெடுங்கால் உள்ளான்.

வெடித்துக் காய்ந்த தரையில் ஆள்காட்டியும் வாலாட்டியும். காலடியைப் பார்த்து நடங்கள். ஆள்காட்டி வெறும் தரையில்தான் முட்டையிடும்.

5. எண்ணுதல்

பெரிய கூட்டமென்றால் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று மனதில் வாங்கிக்கொண்டு, மீதியைப் பத்துப் பத்தாக நகர்த்துங்கள். போன வாரம் இருந்து இன்று இல்லாத பறவைக்குச் சுழியம் போடுங்கள். வறட்சிக் குறிப்பில் அந்தச் சுழியங்களுக்குத்தான் மதிப்பு அதிகம்.

6. வெயில் ஏறிய பிறகு

ஒரு நாளாவது நண்பகல் வரை இருந்து பாருங்கள். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதனால் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். நீர்க்காகம் தொண்டைத் தோலைப் படபடவென்று அடித்துக்கொள்ளும். செங்கால் நாரை தன் காலிலேயே எச்சமிடும். அந்த ஈரம் உலரும்போது உடல் சூடு தணியும். சிவந்த கால் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தால் காரணம் இதுதான். ஆள்காட்டி வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து முட்டைமேல் உட்காரும். தண்ணீர் விளிம்பு தள்ளிப் போகப் போக அந்த நடை எவ்வளவு கூடும் என்று யோசித்துப் பாருங்கள்.

7. தள்ளி நில்லுங்கள்

மேய்ந்துகொண்டிருக்கும் பறவைகள் சட்டென்று தலைதூக்கி உங்களைப் பார்த்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பின்வாங்குங்கள். இது கடைசித் தண்ணீர் என்றால் விரட்டப்பட்ட பறவைக்குப் போக வேறு இடமிருக்காது. பல பறவைகள் செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். சூடேறிய தேங்கல் நீரில் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் பரவக்கூடும். வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லிவிடுங்கள்.

8. நோட்டைப் படிப்பது

இங்கேதான் அவசரப்படுவோம். “இந்த மாதம் கொக்கு மூன்று மடங்கு!” என்றால் கொக்கு பெருகிவிட்டது என்று அர்த்தமில்லை. சுற்றியுள்ள குட்டைகள் வற்றியதால் எல்லாம் இங்கே வந்து ஒண்டியிருக்கலாம். நீங்கள் அளந்த தண்ணீர்க் கணக்கைப் பக்கத்தில் வைத்தால்தான் இது புரியும். அதேபோல, ஒரு வருட வறட்சியைக் காட்டிக் காலநிலை மாறிவிட்டது என்று தீர்ப்பு எழுதவும் முடியாது. வானிலை அறிவியலில் 30 ஆண்டுச் சராசரியை வைத்துத்தான் ஓர் இடத்தின் காலநிலையைச் சொல்கிறார்கள். உங்கள் நோட்டு தனியாக அதற்குப் போதாது; பலரின் குறிப்புகளோடு சேர வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்தும் ஈபேர்டு தளத்தில் உங்கள் பட்டியலை இலவசமாகப் பதியலாம். எவ்வளவு நேரம் பார்த்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதையும் அங்கே கேட்பார்கள். தண்ணீர் அளவைக் குறிப்புப் பகுதியில் சேர்த்துவிடுங்கள்.

மழை வந்ததும் நிறுத்திவிட வேண்டாம். குளத்துக்கு முதல் தண்ணீர் வந்த தேதி, தவளைச் சத்தம் கேட்ட தேதி, முக்குளிப்பான் திரும்பிய தேதி, மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். அடுத்த வறட்சியில் ஒப்பிட்டுப் பார்க்க இவைதான் உதவும்.