மெய்நிகர் கணினிக்குப் பால வலையமைப்பு: கேபிளிலிருந்து தொடங்குங்கள்

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாக இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் புதிதாக நிறுவிய மெய்நிகர் கணினி, நாம் எதையும் மாற்றாதவரை, நேட் முறையிலேயே, அதாவது அதைத் தாங்கும் கணினியின் முகவரிக்குப் பின்னால் நின்றே, இணையத்துடன் பேசும். அதற்கு வழமையாக 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். உள்ளிருந்து வெளியே போகலாம். ஆனால் அதே அறையிலுள்ள வேறொரு கணினியோ கைத்தொலைபேசியோ அதைத் தேடி வர நேர்வழி இல்லை. புதுக்குடியிருப்பிலோ மாங்குளத்திலோ உள்ள ஒரு கல்வி நிலையம், இணையமின்றி வாசிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு மெய்நிகர் கணினியில் ஏற்றிவைத்து, பிள்ளைகள் டேட்டா செலவின்றித் தம் தொலைபேசிகளில் வாசிக்க வழிசெய்ய விரும்பினால், அந்த மெய்நிகர் கணினிக்கு அறையின் வலையமைப்பிலேயே சொந்த முகவரி வேண்டும். பால முறை அதைத் தருகிறது. மெய்நிகர் கணினி தனக்கென ஒரு மேக் முகவரியுடன் (வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்), ரவுட்டரில் நேரடியாகச் செருகிய இன்னொரு கணினியைப் போலவே நடந்துகொள்ளும்.

இந்த வேலையில் அமைப்புத் திரையைவிடக் கேபிள்தான் முக்கியம் என்பேன். வன்னியில் பல இடங்களில் சிம் போட்ட 4ஜி ரவுட்டர் ஒரு மூலையில் இருக்கும், மடிக்கணினி வைஃபையில் இணைந்திருக்கும். வைஃபையில் பாலம் இயல்பாக அமையாது. ரவுட்டர், தன்னிடம் கடவுச்சொல் கொடுத்துச் சேர்ந்த கருவியின் மேக் முகவரியை மட்டுமே அறியும். அந்தக் கருவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இன்னொரு மேக் முகவரியிலிருந்து வரும் தரவுப் பொதியை அது ஏற்காது. விர்ச்சுவல்பாக்ஸ், மெய்நிகர் கணினியின் மேக் முகவரியை மடிக்கணினியின் முகவரியாக மாற்றி அனுப்பி இதைச் சமாளிக்கப் பார்க்கிறது. சில ரவுட்டர்களில் அது வேலை செய்யும், சிலவற்றில் முகவரியே கிடைக்காது. ஆகவே ரவுட்டரின் பின்புறத்திலுள்ள லேன் துளையிலிருந்து மடிக்கணினிக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். மடிக்கணினியில் துளை இல்லையென்றால் யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் போதும். பிள்ளைகளின் தொலைபேசிகள் வைஃபையிலேயே இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னலுக்குப் பயந்து கேபிளைக் கழற்றி வைப்பவர்கள் திரும்பச் செருகினால் எதையும் மீண்டும் அமைக்க வேண்டியதில்லை. ஆனால் யூஎஸ்பி அடாப்டரையே கழற்றிய நிலையில் மெய்நிகர் கணினியை இயக்கினால், இணைப்புக் கருவியைக் காணவில்லை என்று சொல்லி அது தொடங்க மறுக்கும்.

இனி அமைப்பு, அது சிறிய வேலை. மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு, அதன் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, அடாப்டர் 1 என்பதில் நேட் என்றிருப்பதை பிரிட்ஜ்ட் அடாப்டர் என மாற்றுங்கள். அடுத்துள்ள பெயர்ப் பட்டியலில்தான் பலர் தவறுகிறார்கள்: அங்கே வைஃபை, விபிஎன், கேபிள் மூன்றும் வரிசையாகத் தெரியும். விண்டோஸில் ஈதர்நெட் அல்லது ரியல்டெக் ஜிபிஈ (GbE) போன்ற கேபிள் இணைப்பின் பெயரைத் தெரிவுசெய்யுங்கள். லினக்ஸில், 'ஈஎன்' என்று தொடங்கும் பெயர் கேபிளையும் 'டபிள்யூஎல்' என்று தொடங்கும் பெயர் வைஃபையையும் குறிக்கும்.

மெய்நிகர் கணினியை இயக்கியதும் அதன் ஐபி முகவரியைப் பாருங்கள். ரவுட்டர் 192.168.8.1 என்றால், மெய்நிகர் கணினியும் 192.168.8 என்று தொடங்கும் முகவரியைப் பெற்றிருக்க வேண்டும். 10.0.2.15 என்றே நின்றால் மாற்றம் சேமிக்கப்படவில்லை. 169.254 என்று தொடங்கினால், முகவரி வழங்கும் ரவுட்டரின் டிஎச்சிபி சேவையிடமிருந்து பதில் வரவில்லை. பெரும்பாலும் பட்டியலில் பிழையான இணைப்பைத் தெரிவுசெய்திருப்பீர்கள். ரவுட்டரின் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்தால், 08:00:27 என்று தொடங்கும் மேக் முகவரி தென்படும். அதுதான் விர்ச்சுவல்பாக்ஸ் கணினி. அந்த வரியைப் பிடித்து, அதற்கு ஒரு நிலையான ஐபி முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மின்வெட்டுக்குப் பின் முகவரி மாறக்கூடும். ஒரு சிறு எச்சரிக்கை: மெய்நிகர் கணினியிலிருந்து விண்டோஸ் மடிக்கணினிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை என்பதை வைத்துப் பாலம் பிழை என்று முடிவுகட்டாதீர்கள், விண்டோஸின் ஃபயர்வால் பிங்கைத் தடுப்பது வழமை. ரவுட்டருக்குப் பிங் செய்து பாருங்கள், அல்லது தொலைபேசியின் உலாவியில் அந்த முகவரியைத் திறந்து பாருங்கள். தொலைபேசி விருந்தினர் வைஃபையில் இருந்தால் அதுவும் திறக்காமல் போகலாம்.

கணினிக் கூடங்களில் வரும் சிக்கல் வேறு. ஒரு மெய்நிகர் கணினியின் கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்துப் பல கணினிகளில் பிரதி செய்தால், எல்லாவற்றுக்கும் ஒரே மேக் முகவரி இருக்கும். நேட் முறையில் இது யாருக்கும் தெரிய வராது. பால முறைக்கு மாற்றியவுடன் ஒன்றையொன்று தள்ளிவிட்டு, இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். நெட்வொர்க் பகுதியில் மேக் முகவரிக்கு அருகிலுள்ள வட்ட அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொன்றுக்கும் புதியதைப் பெறுங்கள். உபுண்டு சேர்வர் என்றால் இதுவும் போதாது: அது டிஎச்சிபியிடம் மேக் முகவரியைக் காட்டாமல், மெஷின் ஐடியிலிருந்து (நிறுவும்போது கணினிக்கு உருவாகும் அடையாள எண்) உருவாக்கிய அடையாளத்தைக் காட்டுகிறது, பிரதிகளில் அதுவும் ஒன்றே. அந்த ஐடி இருக்கும் /etc/machine-id கோப்பை வெறுமையாக்கி மீளத் தொடங்கினால் புதிய ஐடி உருவாகும்.

கிளிநொச்சி அறிவியல்நகர் போன்ற பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பவர்கள், வளாக வலையமைப்பில் பாலம் போடுமுன் அதன் நிர்வாகியிடம் அனுமதி கேளுங்கள். ஒரு துளைக்கு ஒரு மேக் முகவரி மட்டும் என்று கேபிள்களை இணைக்கும் சுவிட்சில் விதி இருந்தால், இரண்டாவது முகவரி தோன்றியதும் அந்தத் துளையே மூடப்படலாம்.

விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதில் லினக்ஸின் சொந்த மெய்நிகர் கணினி வசதியான கேவிஎம் பயன்படுத்துவோர் பாலத்தைத் தாமே உருவாக்கி, கேபிள் இணைப்பை அதனுள் சேர்த்து, ஐபி முகவரியைப் பாலத்துக்கு மாற்ற வேண்டும். முகவரி இடம் மாறும்போது இணைப்பு அறுந்துபோகக்கூடும் என்பதால், இதை எஸ்எஸ்எச் வழியே தொலைவிலிருந்து செய்யாமல், அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்தே செய்யுங்கள். அதே கணினியில், மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக இயக்கும் டொக்கரும் இருந்தால், அதன் ஃபயர்வால் விதிகள் பாலத்தின் போக்குவரத்தை மறிக்கக்கூடும். எல்லாம் சரியாயிருந்தும் பொதி போகாவிட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

பால முறையில் மெய்நிகர் கணினி, அறையிலுள்ள எல்லோருக்கும் தெரியும் என்பதால், அதன் கடவுச்சொல்லை மாற்றி, தேவையான போர்ட்டை (சேவைக்கான வாசல்) மட்டும் திறந்துவையுங்கள். ஆயினும் வீட்டிலிருந்து நிலையத்துக் கணினியை அடையலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம்: 4ஜி இணைப்பில் ரவுட்டருக்கே பெரும்பாலும் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை, அதற்கு விபிஎன் ஒன்றைத் தனியாக அமைக்க வேண்டியிருக்கும்.