சட்டை நனையாத ஊரில் தண்ணீர் குடிக்கும் முறை

நான் ரங்கூன்காரன். பருப்புத் தரகு. பங்குனி, சித்திரையில் மேல் பர்மாவின் மோனிவா, மாண்டலே, பக்கோக்கு என்று கிட்டங்கி கிட்டங்கியாக ஏறி இறங்கித் துவரம் சரக்குப் பார்ப்பதிலேயே வயதாகிவிட்டது. போன வருடம் முதல் தங்கை மகன் அந்த வேலைக்குப் போகிறான். அவனுக்குச் சொன்னதுதான் இது.

ரங்கூனில் வெயில் அடித்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், தாகமும் எடுக்கும். மேல் பர்மாவில் அப்படி இல்லை. காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை கசிந்த உடனேயே காய்ந்துவிடும். 2024 ஏப்ரல் 28 அன்று சாவுக் ஊரில் 48.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்தப் பக்கத்து வெயிலில் நாள் முழுக்க நின்றாலும் சட்டை உலர்ந்தே இருக்கும். "எனக்கு வியர்க்கவில்லையே" என்று தண்ணீரை மறந்துவிடுகிறோம்.

முதல் வருடம் நானும் அப்படித்தான் ஏமாந்தேன். மோனிவாவில் ஒரு தகரக் கொட்டகையில் காலை முதல் மூட்டை குத்திச் சரக்குப் பார்த்தேன். மாலையில் சட்டையைக் கழற்றினால் முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள். காலையிலிருந்து சிறுநீர் கழிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பயத்தில் இரண்டு லிட்டர் தண்ணீரை மடமடவென்று குடித்தேன். அத்தனையும் வாந்தியாக வந்தது. இரவு கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. பக்கத்துக் கடைப் பாட்டி தண்ணீரில் பனைவெல்லமும் உப்பும் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார். தண்ணீர் குடிக்கத் தெரியாதவன் என்று பர்மிய மொழியில் திட்டவும் செய்தார்.

ஆகவே, வெயிலில் வேலை என்றால் 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், தாகம் வரும்வரை காத்திராமல். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டாதீர்கள். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அதுவும் ஆபத்துதான். வேளைக்கு ஒழுங்காகச் சாப்பிட்டாலே பெரும்பாலும் உப்பு ஈடாகிவிடும். வாந்தி, பேதி என்றால் மருந்துக் கடை உப்புக் கரைசல் பொட்டலம், அதன் மேல் எழுதிய அளவுத் தண்ணீரில். கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறவைத்த தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கண்ணளவில் போடாதீர்கள். இருதய, சிறுநீரக நோயாளிகள் எதற்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

போதுமா என்று பார்க்க என்னிடம் தரகர் வழி ஒன்று இருக்கிறது. கிட்டங்கியில்தான் மூட்டைத் தராசு இருக்கிறதே! காலையில் ஒருமுறை, வேலை முடிந்து ஒருமுறை ஏறி நில்லுங்கள். ஒரு கிலோ குறைந்தால் உடம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. தராசு வீசையில் காட்டினால், பர்மிய வீசை 1.63 கிலோ, அரை வீசை என்றால் 800 மில்லிக்குச் சற்று மேல். ஊர்க் கணக்கில் 1.4 கிலோ என்று போட்டுவிடாதீர்கள், அது மதராஸ் வீசை. தராசு இல்லாத இடத்தில் சிறுநீரின் நிறம். தேநீர்க் கடை மேசையில் பிளாஸ்கில் இலவசமாக வைத்திருக்கும் வெறும் தேயிலை நீரின் நிறத்துக்கு வந்துவிட்டால் ஏற்கெனவே தாமதம். சத்து மாத்திரையே சிறுநீரின் நிறத்தை மாற்றும், அதை விழுங்குகிறவர்களுக்கு இந்தச் சோதனை உதவாது.

அந்த பிளாஸ்க் நீரையே நான் அதிகம் நம்புகிறேன், கொதித்த தண்ணீர் என்பதால். தெருவோரப் பானைகளைப் பர்மியர் புண்ணியத்துக்காக வைக்கிறார்கள். நம் தண்ணீர்ப் பந்தல் மாதிரி, ஆனால் வருடம் முழுக்க. மேல் பர்மாவின் வறண்ட காற்றில் மண்பானை நீர் ஜில்லென்று இருக்கும். ரங்கூன் மழைக்காலத்தில் அதே பானை சும்மா உட்கார்ந்திருக்கும். ஆனால் எல்லோரும் ஒரே குவளையை முக்குகிறார்கள். என் குவளை பையிலேயே இருக்கும், அந்தத் தண்ணீரில் முகம் மட்டும் கழுவிக்கொள்வேன். பனஞ்சாறு விடியலில் நல்லது. மதியம் புளித்துக் கள்ளாகிவிடும், அதைத் தாகத்துக்கு என்று சொல்லிக் குடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பஸ்ஸில் கழிப்பறைக்குப் பயந்து, பெண்கள் முக்கியமாக, தொண்டை நனைக்காமல் வருகிறார்கள். ரங்கூன்-மாண்டலே விரைவுச் சாலையில் 115-ஆவது மைலில் ஓய்விடம் இருக்கிறது. அதைக் கணக்கு வைத்துக் குடியுங்கள். பர்மியப் புத்தாண்டுக்குத் தண்ணீர் ஊற்றி விளையாடும் திங்யான் திருவிழாவிலும் இதே கதைதான்: நான்கு நாள் தலைமேல் தண்ணீர் கொட்டும், வயிற்றுக்குள் பீர் மட்டும் போகும்.

யாராவது உளறினால், தள்ளாடினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், நிழலுக்குத் தூக்கி, மேலே தண்ணீர் ஊற்றி விசிறி, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

மருமகன் சொன்னபடி தராசில் ஏறியிருக்கிறான். மாலையில் எடை கால் வீசை கூடியிருந்தது என்று பதறிப்போய்த் தொலைபேசியில் கேட்டான். விசாரித்தால், தேங்காய்ப் பாலும் ஜவ்வரிசியும் பன்னும் போட்ட ஷ்வே யின் ஏ நான்கு கிண்ணம் சாப்பிட்டிருக்கிறான்.