வேலைத்தளத்தில் பாரபட்சம்: திருகோணமலையிலிருந்து முறைப்பாடு செய்வது எப்படி?

வேலைத்தளத்தில் தமக்குப் பாரபட்சம் காட்டப்பட்டதாகச் சொல்லி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பவை இரண்டே கேள்விகள்: உங்களுக்குச் சம்பளம் தருபவர் யார், இது நடந்தது எந்தத் திகதியில்? மனத்தாங்கலைக் கொட்டித் தீர்க்க வந்தவருக்கு இவை ஈரமற்ற கேள்விகளாகத் தோன்றக்கூடும். ஆனால் எந்த அலுவலகத்தின் படி ஏற வேண்டும் என்பதை முதலாவது கேள்வியின் விடையும், படி ஏறுவதற்கு இன்னும் காலம் இருக்கிறதா என்பதை இரண்டாவதின் விடையுமே தீர்மானிக்கின்றன. நியாயம் முழுவதும் தம் பக்கம் இருந்தும், பிழையான கதவைத் தட்டியதால் அல்லது சரியான கதவை ஐந்து கிழமை கழித்துத் தட்டியதால் வெறுங்கையுடன் திரும்பியவர்களைப் பார்த்த பின்னர்தான் இந்த வழக்கம் எனக்கு வந்தது.

தொழில்தருநர் எல்லோரையும் கட்டுப்படுத்தும் தனியொரு பாரபட்ச எதிர்ப்புச் சட்டம் இலங்கையில் இல்லை. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறப்பிடம் ஆகிய காரணங்களால் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. எனினும் அந்த உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்தில் முறையிடக்கூடியது அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான். ஆகவே கச்சேரியிலோ அரச பாடசாலையிலோ பணிபுரிபவருக்குத் திறந்திருக்கும் வழி நிலாவெளியில் தனியார் விடுதியொன்றில் பணிபுரிபவருக்கு இல்லை. அவர் தொழில் சட்டங்களின் வழியாகவே போக வேண்டும். தொழிலில் பாரபட்சம் தொடர்பான சர்வதேச தொழில் அமைப்பின் 111ஆம் இலக்கச் சமவாயத்தை 1998இல் ஏற்று உறுதிப்படுத்திய நாட்டில் இந்த ஏற்றத்தாழ்வு இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஆயினும் முறைப்பாட்டை எழுத உட்காரும்போது இருக்கும் சட்டத்தை வைத்துத்தான் எழுத வேண்டும்.

சம்பளம் தருபவர் யார் என்ற கேள்விக்கு விடை எப்போதும் எளிதாகக் கிடைப்பதில்லை. துறைமுகத்தை அண்டியும் சீனக்குடாப் பக்கத்திலும் காவல், துப்புரவு, சுமை ஏற்றல் போன்ற வேலைகளில் இருப்போரில் பலர் 'மேன்பவர்' ஆட்கள். சட்டையில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும், கட்டளை இடுபவர் அந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளராக இருப்பார், சம்பளமோ கொழும்பில் உள்ள வேறொரு ஒப்பந்த நிறுவனத்திலிருந்து வரும். இத்தகையவர்கள் ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்றை எடுத்து, அதில் தொழில்தருநர் என யாருடைய பெயர் உள்ளது என்று பார்க்க வேண்டும். முறைப்பாட்டில் அந்தப் பெயரையும், அன்றாடம் வேலை வாங்கும் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்தே எழுதுவது பாதுகாப்பானது. ஒன்றை மட்டும் எழுதினால், விசாரணை நாளில் 'இவர் எங்கள் ஊழியரே அல்லர்' என்று அவர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

தொழில்தருநர் அரசாக இருந்தால் காலக்கெடு மிகவும் குறுகியது. அமைச்சு, திணைக்களம், மாகாண சபை, பிரதேச சபை ஆகியவற்றோடு துறைமுக அதிகார சபை, பெற்றோலியக் கூட்டுத்தாபனம் போன்ற அரச நிறுவனங்களும் இதற்குள் அடங்கும். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு தாக்கல் செய்யப்பட வேண்டும். நம் அரச ஊழியர்கள் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான். பதவியுயர்வு மறுக்கப்பட்ட கடிதம் கைக்கு வந்ததும் திணைக்களத் தலைவருக்கு ஒரு மேன்முறையீடு, பதில் இல்லையென்றால் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்கு ஒன்று, பிறகு ஆளுநருக்கு ஒன்று என்று படிப்படியாக எழுதிக்கொண்டு போவார்கள். அவ்வாறு எழுதுவது தவறன்று. ஆனால் அந்தக் கடிதங்கள் எதுவும் ஒரு மாதக் கணக்கை நிறுத்தி வைப்பதில்லை.

அந்தக் கணக்கை நிறுத்தி வைக்கக்கூடியது இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்கான ஒரு மாதத்தில் சேர்க்கப்படாது என்கிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முறைப்பாட்டைக் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டு மாத்திரம் போதாமற் போகலாம். விசாரணை உண்மையில் நடைபெறுகிறது என்பதற்கான சான்றை நீதிமன்றம் எதிர்பார்த்த சந்தர்ப்பங்கள் உண்டு. எனவே முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்வதோடு நிற்காமல், ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு அறிவித்தலையும் கோவைப்படுத்தி, விசாரணை நிலுவையில் உள்ளதை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருப்பதால் இதற்காகக் கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. கட்டணம் இல்லை, சட்டத்தரணி கட்டாயமில்லை, தமிழில் எழுதலாம். அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. சட்டம் வந்த ஆண்டும் அதுவே என்பதால் மறக்காது. நேரில் கொடுப்பதாயின் இரண்டு பிரதிகளுடன் சென்று, உங்கள் பிரதியில் திகதி முத்திரை இடச் செய்யுங்கள். வெருகலிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ ஒரு நாள் கூலியை இழந்து வருபவர், தேசிய அடையாள அட்டை, நியமனக் கடிதம், பிணக்குக்குக் காரணமான கடிதம் ஆகியவற்றின் போட்டோப் பிரதிகளை முதல் நாளே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. வர முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகத்தின் சீட்டை முறைப்பாட்டின் பிரதியோடு சேர்த்து ஒட்டி வையுங்கள்.

ஆணைக்குழு இரு தரப்பையும் அழைத்து விசாரிக்கும், இணக்கத்துக்கு முயலும், இறுதியில் பரிந்துரை வழங்கும். நீதிமன்றத் தீர்ப்பைப் போல அதை உடனே நிறைவேற்றுவிக்கும் அதிகாரம் ஆணைக்குழுவிடம் இல்லை. இந்த நகரத்துப் பாடசாலையொன்றில் 2018இல் ஆசிரியைகளின் அபாயா உடை தொடர்பாக எழுந்த பிணக்கு ஆணைக்குழுவுக்குச் சென்று, ஆசிரியைகளுக்குச் சாதகமான பரிந்துரை கிடைத்த பின்னரும் ஆண்டுக்கணக்கில் நீண்டதை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே ஆணைக்குழுவோடு எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணாமல், உயர் நீதிமன்றத்துக்கான வழியையும் திறந்தே வைத்திருக்க வேண்டும். சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் திருகோணமலையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம்.

நேர்முகப் பரீட்சையில் பாரபட்சம் நடந்ததாகச் சந்தேகிப்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்லதொரு கருவி. புள்ளி வழங்கும் திட்டத்தையும் உங்களுக்கு வழங்கப்பட்ட புள்ளிகளையும் அந்தத் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். வேலை நாட்கள் என்பதைக் கவனியுங்கள்: இடையில் ஒரு போயாவும் இரண்டு சனி ஞாயிறும் வந்தால் மூன்று கிழமை போய்விடும். அதனால் தகவலுக்காகக் காத்திருக்காமல், முறைப்பாட்டை முதலில் கொடுத்துவிட்டுக் கிடைக்கும் ஆவணத்தைப் பின்னர் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

மொழி பற்றியும் ஒரு சொல். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் எழுதிய ஊழியருக்குத் தொடர்ந்து சிங்களத்தில் மாத்திரம் பதில் வந்தால், அதை அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். ஆனால் ஒரு பதவிக்குச் சிங்களம் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பதெல்லாம் பாரபட்சம் ஆகிவிடாது. கடமைக்கு நியாயமாகத் தேவைப்படும் மொழியறிவை நியாயமான காலத்துக்குள் பெறும்படி கோருவதற்கு அரசியலமைப்பே இடமளிக்கிறது. அந்தத் தேவை உண்மையானதா, ஒருவரை ஒதுக்கச் சொல்லப்பட்ட சாட்டா என்பதைத்தான் நீங்கள் காட்ட வேண்டும்.

இனித் தனியார் துறை. இங்கே செல்ல வேண்டிய இடம் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம். சம வேலைக்குக் குறைந்த சம்பளம், தாய்மை விடுமுறை மறுப்பு, சேமலாப நிதி கட்டாமை போன்றவற்றைத் தொழில் உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறையிட்டால் அவர் வேலைத்தளத்துக்குச் சென்று ஏடுகளைப் பரிசோதிக்கவும் தொழில்தருநரை விசாரணைக்கு அழைக்கவும் முடியும். மனுவின் தலைப்பில் 'பாரபட்சம்' என்று எழுதினால் மட்டும் அவருக்கு அதிகாரம் பிறப்பதில்லை. எந்தச் சட்டம் மீறப்பட்டது என்பதே அவருக்கு வேண்டியது. கருவுற்றதால் நிறுத்தப்பட்ட பெண், 'பெண் என்பதால் ஒதுக்கினார்கள்' என்பதோடு, மகப்பேற்று நன்மைகள் பற்றிய சட்டம் தரும் 84 நாள் விடுமுறை மறுக்கப்பட்டதையும் கர்ப்பம் காரணமாகத் தாம் விலக்கப்பட்டதையும் தனித்தனியாக எழுத வேண்டும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் எத்தனையாவது பிள்ளை என்ற கணக்கு இதில் இல்லை.

வேலையை விட்டு நீக்கியிருந்தால், கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாத காலம் உண்டு. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணமின்றியும் ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ இன்றியும் நீக்கியிருந்தால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஆணையாளரிடமே முறையிடலாம். எது பொருந்தும் என்பதை விண்ணப்பிக்கும் முன் மாவட்ட அலுவலகத்திலோ சட்ட உதவி நிலையத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய்மொழியாக நீக்குவதுதான் நம்மூரில் மிகுதி. 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்பார்கள்; பிறகு விசாரணையில், 'நாங்கள் நிறுத்தவில்லை, அவரே வராமல் நின்றுவிட்டார்' என்பார்கள். நீக்கியதை அவர்கள் மறுத்தால் அதை நிரூபிக்கும் சுமை ஊழியர் தலையில் விழும். அதனால் அடுத்த நாளும் வழமையான நேரத்துக்கு வேலைக்குப் போங்கள். வாயிலில் மறித்தால், அந்த நேரத்தையும் மறித்தவரின் பெயரையும் குறித்துக்கொண்டு அன்றே வட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் ஒரு செய்தி அனுப்புங்கள்: 'இன்று காலை 7.45 மணிக்கு வழமைபோல் கடமைக்கு வந்தேன்; உள்ளே செல்ல அனுமதிக்கப்படவில்லை; நான் கடமைக்குச் சமுகமளிக்க ஆயத்தமாக உள்ளேன்; இதற்கான காரணத்தை எழுத்தில் அறியத் தரவும்.' எவ்வளவு வற்புறுத்தினாலும் இராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம். சேரும்போதே திகதியில்லாத இராஜினாமாக் கடிதம் வாங்கி வைக்கும் இடங்கள் உள்ளன; அப்படிக் கொடுத்திருந்தால் அதையும் முறைப்பாட்டில் மறைக்காமல் எழுதுங்கள்.

முறைப்பாட்டை எழுதும் விதம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாரபட்சம் என்பது ஒப்பீடு. 'என்னைக் கேவலமாக நடத்துகிறார்கள், என் இனத்தவர் என்றாலே அவர்களுக்குப் பிடிக்காது' என்ற வாக்கியம் முழு உண்மையாக இருந்தாலும் விசாரணை அதிகாரிக்கு அதில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. விடுதியொன்றின் வரவேற்புப் பகுதியில் ஒரே மாதத்தில் சேர்ந்த இருவர் என்று வைத்துக்கொள்வோம். இப்படி எழுதலாம்: 'நானும் அவரும் 2023 ஜூனில் ஒரே பதவியில் சேர்ந்தோம். இருவருக்கும் க.பொ.த. உயர்தரத் தகைமை உண்டு. எனக்கு எதிராக ஒழுக்காற்று நடவடிக்கை எதுவும் இல்லை. 2025 மார்ச் 3ஆம் திகதி அவர் மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டார். காரணம் கேட்டபோது, முக்காடு அணிந்தவரை முன்வரிசையில் நிறுத்த முடியாது என்று முகாமையாளர் கூறினார். அவ்வேளை கணக்காளரும் அங்கிருந்தார்.' இதில் சமநிலையில் இருந்த இன்னொருவர், திகதி, சொன்ன சொல், கேட்ட சாட்சி என நான்கும் உள்ளன. அதன் பின்னர் நீங்கள் கேட்கும் நிவாரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: பதவியுயர்வா, சம்பள நிலுவையா, இடமாற்றத்தை இரத்துச் செய்வதா என்று. 'நீதி வழங்கவும்' என்று மட்டும் முடிக்கும் மனுக்கள் ஏராளம். எதை வழங்குவது என்று அதிகாரி எப்படி அறிவார்?

சான்றுகளில், கடிதம் வந்த உறையை எறிந்துவிடாதீர்கள். கடிதத்தில் 1ஆம் திகதி இருக்கும், உங்கள் கையில் 19ஆம் திகதி கிடைத்திருக்கும். உறையில் உள்ள தபால் முத்திரைதான் அதைச் சொல்லும். கைப்பேசிச் செய்திகளைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷொட்) எடுத்தால், அனுப்பியவரின் இலக்கமும் திகதியும் தெரியும்படி எடுங்கள். மூலச் செய்தியையும் அழிக்காதீர்கள். அலுவலகத்தின் இரகசியக் கோவைகளைப் படமெடுத்து இணைப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. அது உங்கள் மேலேயே ஒழுக்காற்று விசாரணையாகத் திரும்பும். அத்தகைய ஆவணம் இருப்பதாகக் குறிப்பிட்டு, அதை அழைப்பிக்குமாறு கேட்டால் போதும்.

மாற்றுத்திறனாளிகளுக்குத் தனியான பாதுகாப்பு உண்டு: 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமை காரணமாக வேலைக்குச் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்கிறது. பாலியல் தொந்தரவு குற்றவியல் விடயம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் பொலிஸில் முறையிடலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

விசாரணை நாளன்று பல சந்தர்ப்பங்களில் தொழில்தருநர் ஒரு தொகையைத் தந்து முடித்துக்கொள்ள முன்வருவார். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். நீண்ட காலம் இழுபடுவதைவிட நியாயமான தொகையை ஏற்பது சில வேளைகளில் நல்லதுதான். ஆனால் அவர் நீட்டும் தாளில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரிக்குள் சேமலாப நிதியும், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்திருந்தால் உங்களுக்கு உரிய பணிக்கொடையும் சேர்ந்து போய்விடக் கூடாது; அவற்றைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். தாள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும்படி உத்தியோகத்தரைக் கேட்டு, விளங்கிய பின்னர் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைக் கையோடு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.