மணற்கல்லில் இருக்கும் சிப்பியைப் படிக்கப் பழகலாம்

அரியலூர்ப் பக்கம் கிணறு வெட்டியபோது வெளியே வந்த மணற்கல் துண்டு ஒன்றை நண்பர் கொண்டுவந்து கொடுத்தார். தண்டையார்பேட்டையில் என் மேசை மீது ஒரு வருடம் காகிதங்களுக்குப் பாரமாகக் கிடந்தது. கட்டைவிரல் அளவில் வழுவழுப்பான ஒரு மேடு, அதன் இருபுறமும் சிறு திட்டுகள், அவ்வளவுதான். சிப்பி என்று நண்பர் சொன்னார். ஓட்டைக் காணோமே என்று நான் கேட்டேன். எண்ணூரில் பொறுக்கிய மட்டி ஓடு ஒன்றை அந்த மேட்டின்மேல் கவிழ்த்துப் பார்த்த நாளில்தான் விஷயம் பிடிபட்டது. அந்தப் பழக்கத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களின் ஒரு பகுதியில் கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் ஏறியும் இறங்கியும் நின்றது. அதன் ஆழமற்ற பகுதிகளில் படிந்த மணலே இன்றைய மணற்கல். அங்கே கிடைத்த நத்தை, சிப்பி வகைகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஸ்டோலிச்கா 1860களிலும் 1870களின் தொடக்கத்திலும் ஒவ்வொன்றாக விவரித்து எழுதினார்.

படி 1: கடற்கரையில் தொடங்குங்கள்

வடசென்னையில் நம் காலடியில் இருப்பது பெரும்பாலும் அண்மைக் காலத்து மணலும் வண்டலும். இங்கே புதைபடிவம் தேட வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஓடுகள்தான் இங்கே இலவசம். தண்ணீர் வடிந்திருக்கும் நேரத்தில் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போங்கள். மட்டி, வரிவரியாக முகடு உள்ள தடித்த சிப்பி, சங்கு போலச் சுருண்ட ஏதாவது ஒன்று, கரைக்குக் கொட்டிய கற்களில் ஒட்டி வளரும் ஆளியின் உதிர்ந்த ஓடு: இந்த நான்கும் போதும். காலியான ஓடுகளை மட்டும் எடுங்கள். வீட்டில் இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். உப்பு போகாவிட்டால் பிறகு மேலே வெள்ளையாகப் பூக்கும்.

படி 2: உள்பக்கத்தைப் பாருங்கள்

எல்லோரும் அழகான வெளிப்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். நமக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது. அறையை இருட்டாக்கி, டார்ச்சை ஓட்டின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். மட்டியின் உள்ளே இரண்டு முனைகளிலும் நகம் பதிந்தது போன்ற வட்டத் தழும்புகள் தெரியும்; ஓட்டை மூடும் தசைகள் ஒட்டியிருந்த இடங்கள் அவை. இரண்டையும் இணைத்து விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். ஒரு முனையில் அந்தக் கோடு உள்நோக்கி மடங்கினால், அந்த உயிர் மணலுக்குள் புதைந்து, குழாயை மேலே நீட்டி வாழ்ந்தது என்று பொருள். பொதுவாக மடிப்பு ஆழமாக இருந்தால் புதைந்த ஆழமும் அதிகம். முகடு உள்ள தடித்த சிப்பியில் இந்த மடிப்பு இருக்காது. அதன் கீல் நேர்கோடாக, சீப்புப் பல் போல வரிசையான சிறு பற்களோடு இருக்கும்.

படி 3: அச்சு எடுங்கள்

ஓட்டின் இரு பக்கமும் தேங்காய் எண்ணெயைத் துளி தடவுங்கள். வெளிப்பக்கத்தைக் களிமண்ணில் அழுத்தி எடுத்தால் கிடைப்பது வெளியச்சு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. மாவைத் தண்ணீரில் தூவிக் கலக்குங்கள். கிண்ணம் போல மல்லாத்திய ஓட்டுக்குள் ஊற்றி அரைமணி நேரம் விடுங்கள். கையில் சூடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், இறுகும்போது சுடும். மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஓட்டிலிருந்து கழன்று வரும் வெள்ளைக் கட்டிதான் உள்ளச்சு. ஓட்டில் பள்ளமாக இருந்த தழும்பு இதில் மேடாக நிற்கும். என் மேசைக் கல்லில் இருந்த இரண்டு திட்டுகளும் இவைதான்! கடல் மணல் ஓட்டுக்குள் புகுந்து இறுகியது, ஓடு கரைந்தது, உட்புறத்தின் வடிவம் மட்டும் நின்றது.

ஆனால் எல்லா ஓடும் இப்படிக் கரைவதில்லை. மட்டி, சங்கு ஆகியவற்றின் ஓடு அரகோனைட். ஆளியின் ஓடு பெரும்பாலும் கால்சைட். இரண்டும் கால்சியம் கார்பனேட்தான், ஆனால் அரகோனைட் சீக்கிரம் கரையும். மணற்கல்லில் துளைகள் வழியே தண்ணீர் ஊடுருவிக்கொண்டே இருப்பதால், ஒரே கல்லில் ஆளி ஓட்டோடும் அதன் பக்கத்திலேயே மட்டி வெறும் அச்சாகவும் இருக்கலாம். கல்லில் ஆளி நிறைய இருக்கிறது என்பதால் அந்தக் கடலிலும் ஆளியே நிறைய இருந்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

படி 4: கல்லைச் சுத்தம் செய்யுங்கள்

மணல் நிரப்பிய துணிப்பையின் மேல் கல்லை வையுங்கள், ஆடாது. முகக்கவசம் கட்டாயம், மணற்கல் தூசு நுரையீரலுக்கு ஆகாது. கைப்பிடி போட்ட தடித்த ஊசியால் படிவத்திலிருந்து வெளிப்புறமாக மணியை மணியாகத் தள்ளுங்கள், பழைய பல்துலக்கியால் தட்டிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் சுண்டுவிரல் நகத்தளவு சுத்தமானாலே நல்ல வேலை. எலுமிச்சைச் சாறு, வினிகர், கழிவறை அமிலம் எதுவும் வேண்டாம். என்னிடம் இருந்த ஒரே முழு ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் போட்டு, நுரை பொங்குவதை ரசித்துக்கொண்டு நின்றவன் நான்.

படி 5: ஒப்பிடுங்கள்

இப்போது பிளாஸ்டர் அச்சுகளைக் கல்லின் பக்கத்தில் வையுங்கள். கீல் நேரா, வளைவா? தழும்பு ஒன்றா, இரண்டா? ஒன்றே ஒன்று நடுவில் இருந்தால் ஆளியின் இனமாக இருக்கலாம். ஓட்டில் சுத்தமான வட்டத் துளை, விளிம்பு சரிவாக இருந்தால், கொன்று தின்னும் நத்தை துளைத்ததாக இருக்கலாம். எண்ணூர் மட்டிகளிலும் அதே துளையைத் தேடிப் பாருங்கள். எதோடும் பொருந்தாத முக்கோணச் சிப்பி கிடைத்தால் அது ட்ரைகோனியா என்ற பழங்காலச் சிப்பியின் உறவாக இருக்கக்கூடும். அந்தக் குடும்பம் இன்று ஆஸ்திரேலியாவைச் சுற்றிய கடலில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கடைசியாக, கல்லின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட்டைப் பொட்டளவு வைத்து எண் எழுதுங்கள். நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே ஊர், கிடைத்த இடம், தேதி, கொடுத்தவர். பிளாஸ்டர் கட்டிகளின் பின்பக்கத்தில் ‘வீட்டில் செய்தது’ என்று மறக்காமல் எழுதுங்கள். என்னுடைய ஒன்றை வீட்டுக்கு வந்தவர் ஒன்பது கோடி வருடத்துக் கல் என்று நம்பிக் கேட்டு வாங்கிப் போய்விட்டார். இன்னும் திருப்பித் தரவில்லை.