கூட்ட நெரிசலில் கவிழும் வலைச்செயலிகள்

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலையில் தண்ணீர்ப்பந்தல் சரக்குக் கணக்கைக் கைப்பேசியில் எழுத, உலாவியிலேயே ஓடும் ஒரு வலைச்செயலி போதும். அதைச் செய்ய எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், ஒரு சர்வீஸ் வொர்க்கர் (பக்கத்துக்கும் இணையத்துக்கும் நடுவே பின்னணியில் ஓடும் நிரல்) இருந்தால் போதும். பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் பக்கமே போகவேண்டாம். ஆனால் சில தவறுகள் அந்தத் திருவிழா நெரிசலில்தான் வெளியே வரும்.

பலரும் விமானப் பயன்முறையில் சோதித்துவிட்டு, இணையம் இல்லாமலும் ஓடுகிறது என்று முடிவுகட்டுகிறார்கள். நெரிசலில் இணையம் அறுவதில்லை, திணறுகிறது. சிக்னல் கோடுகள் தெரியும், தரவு வராது. இணையம் உண்டா என்று உலாவியிடம் கேட்கும் நேவிகேட்டர் ஆன்லைனும் 'உண்டு' என்றே சொல்லும். 'முதலில் இணையம், தோற்றால் கேஷ் (கைப்பேசியில் சேமித்த நகல்)' என்று எழுதிய ஃபெட்ச் கோரிக்கை தோற்காமல் தொங்கிக்கொண்டே இருக்க, திரை வெறுமையாக நிற்கும். கோரிக்கையை நிறுத்தும் அபார்ட் கன்ட்ரோலர் வைத்து 3 வினாடியில் வெட்டிவிட்டுக் கேஷிலிருந்து கொடுங்கள். செயலியின் மேலோடு, பட்டன்கள், தமிழ் எழுத்துரு ஆகியவற்றுக்கு இணையத்தைக் கேட்கவே கூடாது, கேஷ்தான் முதலில்.

அந்தக் கேஷை ஆட்ஆல் (பல கோப்புகளை ஒரேயடியாகச் சேர்க்கும் கட்டளை) கொண்டு நிரப்பும்போது ஒரே ஒரு படத்தின் முகவரி பிழையானாலும் எதுவும் சேராது. சர்வீஸ் வொர்க்கர் கோப்பு தளத்தின் மூல ஃபோல்டரில் இருக்கட்டும். உள் ஃபோல்டர் ஒன்றில் வைத்தால் அந்த ஃபோல்டருக்குக் கீழுள்ள பக்கங்களை மட்டுமே கவனிக்கும். எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) கட்டாயம். லோக்கல்ஹோஸ்டுக்கு (சொந்தக் கணினியிலேயே ஓட்டும் முகவரி) விலக்கு உண்டு என்பதால் கணினியில் ஓடியது கைப்பேசியில் ஓடாமல் போகலாம்.

கணக்கை லோக்கல்ஸ்டோரேஜில் (உலாவியின் எளிய சேமிப்பிடம்) வைப்பது எங்களுக்குப் பிடிக்காத வழக்கம். சுமார் 5 எம்பிதான் இடம், எழுதும் நேரம் முழுக்கத் திரை உறையும். உலாவிக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளமான இண்டெக்ஸ்ட்டிபி நல்லது, ஆனால் அதுவும் நிரந்தரமல்ல. ஆப்பிளின் உலாவியான சஃபாரியைப் பயன்படுத்திய 7 நாளும் உங்கள் தளத்தைத் தொடாவிட்டால் அங்கே சேமித்தது அழிக்கப்படும். முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்கு இந்த விதி பொருந்தாது. அதனால் முதல் நாளே சேர்க்கச் சொல்லுங்கள். அனுப்பாத வரிகளைத் தனியே குறித்துவைத்து, செயலி திறக்கும்போதெல்லாம் சர்வருக்கு அனுப்புங்கள். இணையம் வந்ததும் பின்னணியில் தானே அனுப்பும் பேக்ரவுண்ட் சிங்க்கை மட்டும் நம்பினால் ஐபோன் கணக்கு வந்து சேராது.

புதிய பதிப்பு வந்தாலும், பழைய சாளரங்கள் எல்லாம் மூடும்வரை புதிய சர்வீஸ் வொர்க்கர் காத்திருக்கும். அவசரப்பட்டு, காத்திருக்காமல் மாறச் சொல்லும் ஸ்கிப்வெயிட்டிங் போட்டால் பழைய பக்கமும் புதிய கோப்புகளும் கலந்து, பாதி நிரப்பிய படிவம் கெடும். 'புதிய பதிப்பு தயார்' என்ற பட்டனைக் காட்டுங்கள். அழுத்திய பிறகு மாற்றி, பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். பதிப்புக்குப் பதிப்பு சர்வீஸ் வொர்க்கரின் கோப்புப் பெயரை மாற்றாதீர்கள். கேஷில் உள்ள பழைய பக்கம் பழைய பெயரையே பதிவுசெய்துகொண்டிருக்கும், புதியது அந்தக் கைப்பேசிக்கு வராமலே போகும்.