பிரசவ வேளையில் சிசுவின் இதய மின்பதிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலும் அதன் சாட்ஸ்வர்த் பகுதியிலும் பிரசவ அறைக்குத் துணையாகச் செல்லும் நம் குடும்பத்துப் பெண்களின் கண் முதலில் போவது கருவித் திரையில் ஒளிரும் எண்ணின் மீதுதான். அந்த எண் யாருடைய இதயத்துக்கு உரியது என்று கேட்காமல் விடுவதே பெரிய தவறு. இதில் மருத்துவப் பணியாளர்களும் விதிவிலக்கல்லர்.

சிசுவின் துடிப்பையும் பிரசவ வலியையும் பதிய வயிற்றின் மேல் கட்டப்படும் சிடிஜி கருவி, ஒலியலைகளைக் கொண்டு இதயத்தின் அசைவை அறிகிறது. சிசுவின் தலைத்தோலில் பொருத்தப்படும் சுருள் மின்முனையோ இதயத்தின் மின்னலையையே பெற்று, அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்கிறது. ஆகவே மின்முனை ஏமாறாது என்ற நம்பிக்கை எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் சிசு ஏற்கெனவே இறந்திருந்தால், தாயின் இதய மின்னலை அதன் உடல் வழியே மின்முனையை எட்டி, உயிருள்ள சிசுவின் துடிப்பைப் போலவே பதிவாகக்கூடும். ஒலியலைக் கருவியும் தாயின் இரத்தக்குழாய்த் துடிப்பைப் பிடித்துக்கொள்வதுண்டு. சிசுவின் இயல்பான துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை. முக்கும் கட்டத்தில் தாயின் துடிப்பும் இந்த அளவுக்குள் ஏறிவிடுவதால் எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அக்கட்டத்தில் வலி வரும்போதெல்லாம் துடிப்பு ஏறுவதாகப் பதிவு காட்டினால் மகிழாமல் ஐயப்பட வேண்டும். வலியோடு ஏறுவது பெரும்பாலும் தாயின் துடிப்பே. அவளது மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணிப் பதிவுத்தாளில் குறித்துவிட்டால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஸ்கேன் செய்து இதயத்தை நேரில் பார்க்க வேண்டும்.

தாயின் எச்ஐவி நிலையைப் பார்க்காமல் மின்முனையைப் பொருத்துவது தென்னாப்பிரிக்காவில், அதிலும் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், மன்னிக்க முடியாத கவனக்குறைவு. இம்மாகாணத்து அரசு மருத்துவ நிலையங்களில் 2019இல் கணக்கெடுக்கப்பட்ட கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினருக்கு எச்ஐவி தொற்று இருந்தது. மின்முனை தோலைத் துளைப்பதால் தாயின் கிருமி சிசுவுக்குச் செல்ல வழி உண்டாகிறது. ஹெபடைடிஸ் பி, பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் புண், சிசுவுக்கு இரத்தம் உறையாக் குறைபாடு இருக்கலாம் என்ற ஐயம் ஆகியவையும் தடைகளே. பனிக்குடம் உடைந்து, கருப்பை வாய் ஓரளவு திறந்த பின்னரே பொருத்த இயலும்; முகம், உச்சிக்குழி ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும்.

மின்னலையில் துடிப்பின் கூர்முனையை அடுத்து வரும் எஸ்டி பகுதியை ஆராயும் கருவிகளில் வேறோர் ஆபத்து இருக்கிறது. அவை தொடக்கத்தில் கிடைக்கும் அலையோடு ஒப்பிட்டே மாற்றத்தைச் சொல்கின்றன. சிசுவுக்கு உயிர்வளிக் (ஆக்சிஜன்) குறைவு முற்றிய பிறகு இணைத்தால் ஒப்பிட நல்ல நிலையே இராது; கருவி எச்சரிக்காமல் இருப்பதை நலத்தின் சான்றாகக் கொள்ளலாகாது. 2015இல் வெளியான, 11,000க்கும் மேற்பட்ட தாய்மாரைக் கொண்ட அமெரிக்க ஆய்விலும் இம்முறையால் சிசுக்களின் நிலை மேம்படவில்லை.

சிக்கலற்ற பிரசவத்தில் இவற்றுக்குத் தேவையே இல்லை. அரை மணிக்கு ஒருமுறை, வலிக்கு முன்னும் பின்னும் சிசுவின் துடிப்பைக் கேட்டுக் குறித்தால் போதும், முக்கும் கட்டத்தில் இன்னும் அடிக்கடி. மின்முனை பொருத்திய பின் அறுவைப் பிரசவம் முடிவானால், சிசுவை வெளியே எடுப்பதற்கு முன் மின்முனையை எதிர்த்திசையில் சுழற்றிக் கழற்ற வேண்டும்; இழுத்தால் தலைத்தோல் கிழியும்.